மீதிக் கணக்கு

திரையில் ஒரு பையன் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தான். நகரத்தின் வட்டச் சாலையில் ஒரு சுற்று, இன்னொரு சுற்று, மறுபடியும் அதே சுற்று. அவனை ஓட்டிக்கொண்டிருந்த இளைஞரின் கட்டை விரல் ஒரே திசையில் அழுந்தியிருந்தது. கண்கள் டெலிவிஷன் செய்தியில் இருந்தன. அரை மணி நேரமாக இதைக் கவனித்த தந்தைக்குப் பொறுக்கவில்லை.

"அரே, இந்தப் பையன் எங்கேதான் போகிறான்?"

"எங்கேயும் இல்லை பாபா. முட்டை பொரிய வைக்கிறான்."

2013 டிசம்பர். புனேயில் இரண்டு அறை கொண்ட வாடகை வீடு. மகன் பொறியியல் கடைசி வருடம். தந்தை 30 வருடங்களுக்கு மேலாக ஷிரூர் வட்டாரக் கிராமங்களில் மாடுகளுக்குச் சினை ஊசி போட்டு ஓய்வு பெற்றவர். மோட்டார் சைக்கிளின் பின்னால் திரவ நைட்ரஜன் கலம், அதற்குள் மைனஸ் 196 டிகிரியில் உறைந்த விந்துக் குச்சிகள், தோள்பையில் ஒரு பதிவேடு. இதுதான் அவருடைய உத்தியோகம். 'முட்டை பொரிய வைக்கிறான்' என்ற சொல்லைக் கேட்டதும் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததில் ஆச்சரியம் இல்லை. தொழில்காரர் அல்லவா?

விளையாட்டின் பெயர் 'போக்கிமான் எக்ஸ்'. 2013 அக்டோபரில் வெளிவந்தது. துபாயில் இருந்த மாமா வாங்கி அனுப்பிய நின்டெண்டோ '3டிஎஸ்' கருவியில் மகன் ஆடிக்கொண்டிருந்தார். 1996இல் ஜப்பானில் முதல் போக்கிமான் விளையாட்டு வந்தபோது இந்த வம்ச விருத்தி எல்லாம் கிடையாது. டோக்கியோவின் புறநகரான மச்சிடாவில் பூச்சி பிடித்து வளர்ந்த சதோஷி தாஜிரி, அந்தச் சிறுவயது வேட்டையை விளையாட்டாக்கினார். புல்வெளியில் பிராணியைப் பிடி, பழக்கு, அடுத்தவர் பிராணியோடு மோத விடு. அவ்வளவுதான். 1999 நவம்பரில் வந்த 'கோல்டு', 'சில்வர்' விளையாட்டுகளில்தான் முட்டை வந்தது. ஆணையும் பெண்ணையும் காப்பகத்தில் விட்டு வந்தால் சற்று நேரம் கழித்து ஒரு முட்டை தயாராக இருக்கும். அதைத் தூக்கிக்கொண்டு ஆயிரக்கணக்கான அடிகள் நடந்தால் குட்டி வெளிவரும். நடப்பதைவிடச் சைக்கிள் வேகம். உடம்பில் நெருப்புச் சூடு உள்ள ஒரு பிராணி கூட்டத்தில் இருந்தால் முட்டை பாதி தூரத்திலேயே பொரியும். ஆகவே ஒரு சூட்டுப் பிராணி, ஐந்து முட்டைகள், ஒரு சைக்கிள். பாரிஸ் நகரத்தைப் பார்த்து வரையப்பட்ட லூமியோஸ் என்ற கற்பனை ஊரின் வட்டச் சாலை.

குழந்தைகளுக்கு இதோடு விஷயம் முடிந்தது. போட்டிக்குப் போகிறவர்களுக்கு இங்கேதான் ஆரம்பம்.

ஒவ்வொரு பிராணிக்கும் பிறக்கும்போதே ஆறு எண்கள் தலையில் எழுதப்படுகின்றன. உயிர், தாக்குதல், காப்பு, சிறப்புத் தாக்குதல், சிறப்புக் காப்பு, வேகம். ஒவ்வொன்றும் 0 முதல் 31க்குள் ஏதோ ஒன்று. விளையாட்டு இந்த எண்களை வெளிப்படையாகச் சொல்வதில்லை. ஓர் ஊரில் நிற்கும் நிபுணர் ஒருவர் ஜோசியர் மாதிரி பூடகமாகச் சொல்வார். ஆறும் 31 ஆக ஒரு பிராணி தானாகப் பிறக்க எவ்வளவு வாய்ப்பு? 107 கோடியே 37 லட்சத்துச் சொச்சத்தில் ஒன்று. அதனால்தான் பெற்றோரைத் தேர்ந்தெடுப்பது. தந்தை அல்லது தாயிடம் ஒரு சிவப்பு முடிச்சைக் கட்டிவிட்டால் இருவரிடமும் உள்ள பன்னிரண்டு எண்களில் ஐந்து குட்டிக்கு அப்படியே இறங்கும். இன்னொருவரிடம் ஒரு கல்லைக் கொடுத்தால் அந்தப் பிராணியின் குணமும் இறங்கும். குணங்கள் மொத்தம் 25. தாய் எந்த இனமோ குட்டியும் அந்த இனம்.

"தாய் வழியா? சரிதான்" என்றார் தந்தை. "பால் கணக்கு பார்க்கிறவனும் முதலில் தாயைத்தான் கேட்பான்."

அடுத்த கேள்வியில் அவர் முகம் மாறியது. முதல் தலைமுறையில் பிறந்த நல்ல ஆண் குட்டியை மகன் எதனுடன் சேர்த்தார்? அதன் தாயுடன். அடுத்த தலைமுறையை? அண்ணனுடன். விளையாட்டில் இதற்குத் தடையும் இல்லை, தண்டனையும் இல்லை. எல்லோரும் செய்வது இதுதான். 30 வருடங்கள் எந்த ஊரில் எந்தக் காளையின் விந்து போனது என்று எழுதி வைத்து, அதே காளையின் மகள்கள் சினைக்கு வரும் முன் காளையை மாற்ற வேண்டுமே என்று தவித்த மனிதர் அவர். பதிவேட்டை அவர் வைத்துக்கொண்டதன் பாதிக் காரணமே அது. "சீச்சீ" என்று எழுந்து போனவர், மறுநாள் மாலை மறுபடியும் நாற்காலியோடு வந்தார்.

மகன் இந்த வேலையில் இறங்கியதற்கு ஒரு தோல்விதான் காரணம். விடுதியில் இருந்தபோது நண்பர்களோடு 'போக்கிமான் ஷோடவுன்' என்ற இலவச கம்ப்யூட்டர் களத்தில் ஆடியவர் அவர். அங்கே முட்டையும் இல்லை, சைக்கிளும் இல்லை. 31 என்று தட்டச்சு செய்தால் 31. இந்தியாவில் நின்டெண்டோ கருவி வாங்குவது என்பது வெளிநாட்டு மாமாக்களின் தயவைப் பொறுத்தது என்பதால், இங்கே பல பேருக்குப் போக்கிமான் போட்டி என்றாலே அந்தக் களம்தான். பிறகு கருவி வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு டீக்கடை மாடியில் ஏழெட்டுப் பேர் கூடி நிஜப் பிராணிகளைக் கொண்டு மோதினார்கள். 'நிஜ' என்பது அவர்கள் சொல். தானே பொரித்தது என்று அர்த்தம்.

அந்த மாடியில் மகனிடம் ஒரு 'கார்ச்சோம்ப்' இருந்தது. சுறாவும் டிராகனும் கலந்த உருவம். எதிராளியிடமும் ஒன்று. போட்டி விதிப்படி எல்லாப் பிராணிகளும் 50ஆம் நிலைக்குக் கொண்டுவரப்படும். எதிராளியின் கார்ச்சோம்ப் வேகத்தில் பிறவி எண் 31; முழுப் பயிற்சிக்குப் பின் அதன் வேகம் 169. மகனுடையதின் பிறவி எண் 30. "30 போதாதா" என்று விட்டுவிட்டார். அதன் வேகம் 168. இரண்டும் குற்றுயிராக எதிரெதிரே நின்றபோது முதல் அடி யாருடையதோ ஆட்டமும் அவருடையது. ஒரே ஒரு புள்ளி. எம்.பி.பி.எஸ். நுழைவுத் தேர்வு எழுதிய யாருக்கும் இந்த வலி புதிதல்ல. அந்தத் தேர்வை எழுதித் தோற்று எஞ்சினியரிங்கிற்கு வந்தவர்தான் மகன் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அன்றிரவே அவர் மறுபடியும் முட்டை எடுக்க ஆரம்பித்தார். கார்ச்சோம்ப்பின் குட்டி வடிவம் 'கிபிள்'. அதன் முட்டை பொரிய மற்றவற்றைவிட அதிக தூரம் சைக்கிள் மிதிக்க வேண்டும். கம்ப்யூட்டரில் கட்டம் போட்டு எழுதினார். முட்டை எண், ஆணா பெண்ணா, ஆறு எண்கள், குணம். ஒரு பெட்டியில் 30 பிராணிகள் அடங்கும். ஐந்து பெட்டிகள் நிரம்பின. நான்கு எண்கள் சரியாக உள்ளவை, ஐந்து சரியாக இருந்தும் தேவையான இடத்தில் பிசகியவை, எல்லாம் சரியாக இருந்தும் குணம் பொருந்தாதவை. 140 சொச்சம் முட்டைகளுக்குப் பின் அவர் தேடியது பிறந்தது.

மீதியை விடுவிக்க வேண்டும். பெட்டிகளில் இடம் வேண்டும் அல்லவா? ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து 'விடுவி' என்று அழுத்தினால், திரை 'நிச்சயமா?' என்று கேட்கும். பிறகு அந்தப் பிராணியின் பெயரைச் சொல்லி விடை கொடுக்கும். பெட்டியில் ஒரு கட்டம் காலியாகும். மகன் இதை டீ குடித்தபடி, எண்ணெய் தேய்க்கும் வேகத்தில் செய்துகொண்டிருந்தார். முப்பதாவதோ நாற்பதாவதோ போனபோது தந்தை கேட்டார்:

"இவை எல்லாம் எங்கே போகும்?"

"எங்கேயும் போகாது பாபா. அழிந்துவிடும். வெறும் எண்தானே."

அவர் பதில் சொல்லவில்லை. பரணிலிருந்து பழைய பதிவேடு ஒன்றை இறக்கிக்கொண்டு வந்தார். நீல அட்டை, ஓரங்களில் நைட்ரஜன் கலத்தின் துரு. வரிசை வரிசையாக மராத்தி எழுத்து. சொந்தக்காரர், ஊர், பசுவின் காது எண், காளையின் எண், ஊசி போட்ட தேதி, ஈன்ற தேதி, கன்று ஆணா பெண்ணா, பிறகு அந்தக் கன்று வளர்ந்து கறந்த பால். கிடாரிக் கன்று என்றால் கடைசிக் கட்டம் நிரம்பியிருந்தது. காளைக் கன்று என்றால் அந்தக் கட்டம் காலி. பக்கத்திற்குப் பாதி காலி.

ஊசி போட்ட சுமார் 280 நாட்களுக்குப் பின் அவர் அந்த வீடுகளுக்குத் திரும்பப் போவார். கிடாரிக் கன்று பிறந்திருந்தால் வாசலிலேயே டீ வரும். காளைக் கன்று என்றால் டீ வராது. ஏதோ அவர்தான் கையில் இருந்த குச்சியில் தப்பானதை எடுத்துவிட்டது போல ஒரு பார்வை. ஜெர்சி, ஹோல்ஸ்டீன் கலப்பில் பிறந்த காளைக்கு முதுகில் திமில் நிமிர்வதில்லை; நுகத்தடி நிற்காது; வெயில் தாங்காது. டிராக்டர் வந்த ஊரில் யாருக்கு வேண்டும்? சில வீடுகளில் கன்றுக்குப் பால் விடுவதை மெதுவாகக் குறைத்துக்கொள்வார்கள். யாரும் கொல்லவில்லை. அடுத்த முறை போகும்போது கன்று இருக்காது, அவ்வளவுதான். அவரும் கேட்கமாட்டார்.

கில்லார் மாடு வைத்திருந்தவர்கள் மட்டும் அவரை அழைத்ததே இல்லை. வெள்ளை உடல், நீண்ட கொம்பு, மண் பறக்க ஓடும் கால். சில விநாடிகளில் முடிந்துவிடும் வண்டிப் பந்தயத்திற்காகப் பரம்பரை பரம்பரையாகத் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்ட மாடுகள். அங்கே காளைதான் ராஜா. அவர் கொண்டுபோன குச்சிகளுக்கு வேலையில்லை. "என் மாட்டுக்கு உன் ஐஸ் பெட்டியா?" என்று சிரிப்பார்கள். 2014 மே 7ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தமிழகத்து ஜல்லிக்கட்டையும் மகாராஷ்டிரத்து வண்டிப் பந்தயத்தையும் ஒரே தீர்ப்பில் நிறுத்தியபோது, அந்தக் காளைகளில் பல சந்தைக்கு வந்தன. சிரித்தவர்களில் ஒருவர் அவரைத் தேடி வந்து, தன் கில்லார் பசுவுக்கு ஜெர்சி ஊசி போட முடியுமா என்று கேட்டார். ஓய்வு பெற்றுவிட்டேன் என்று சொல்லி அனுப்பினார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் வெற்றி எதுவும் இல்லை.

இதையெல்லாம் மகன் அதுவரை கேட்டதில்லை. அப்பாவின் வேலை என்றால் அவருக்குத் தெரிந்தது நைட்ரஜன் புகையும், கைகழுவும் டெட்டால் வாசனையும்தான். பள்ளியில் 'உன் அப்பா என்ன வேலை?' என்ற கேள்விக்கு 'கால்நடைத் துறை' என்று சொல்லி நழுவியவர் அவர்.

அன்று மீதிப் பிராணிகளை அவர் விடுவிக்கவில்லை. அந்த விளையாட்டில் 'ஒண்டர் டிரேட்' என்று ஒரு வசதி இருந்தது. உங்களிடம் உள்ள ஒரு பிராணியை அனுப்பினால், அதே நேரத்தில் உலகத்தின் வேறு மூலையில் யாரோ அனுப்பும் ஒன்று உங்களிடம் வரும். என்ன வரும் என்று தெரியாது. யாருக்குப் போகும் என்று தேர்ந்தெடுக்க முடியாது. எதிரே ஒரு பெயரும் நாடும் மட்டும் தெரியும். போட்டிக்காரர்களுக்குக் கழிவாகத் தெரிந்த நான்கு 31 கொண்ட கிபிள், கதைக்காக மட்டும் ஆடும் சிறுவனுக்குக் கிடைப்பதற்கரிய பரிசு. உலகம் முழுவதும் முட்டைக்காரர்கள் தங்கள் மீதியை இப்படித்தான் தள்ளிக்கொண்டிருந்தார்கள். மகனுக்கும் தெரியும், நேரமாகும் என்று செய்யாமல் இருந்தார். அந்த வாரம் முழுவதும் செய்தார். தந்தை பக்கத்தில் உட்கார்ந்து நாடுகளைப் படித்தார். ஜப்பான், ஸ்பெயின், பிரேசில், மறுபடியும் ஜப்பான். ஒரு கிபிள் போன இடத்திலிருந்து ஒரு சாதாரணக் குருவிக் குஞ்சு வந்தபோது, "ஏமாந்துவிட்டாய்" என்று சந்தை வியாபாரி போலச் சிரித்தார்.

தூய எண்களின் மீது மகனுக்கு இருந்த நம்பிக்கையை உடைத்தது தந்தை அல்ல, 'ஃபெரோசீட்' என்ற முள்ளுருண்டை. இரும்பு விதை போன்ற பிராணி, அசமந்தம். அதனிடம் ஒரு தாக்குதல் உண்டு: எதிராளியைவிடத் தான் எவ்வளவு மெதுவோ அவ்வளவு பலமாக அடிக்கும். போதாததற்கு, களத்தின் நியாயத்தையே தலைகீழாக்கி மெதுவானது முதலில் அடிக்கும்படி செய்கிற வித்தையும் சில பிராணிகளுக்குத் தெரியும். இந்த ஆட்டத்திற்கு வேகத்தில் 31 விஷம். வேண்டியது 0. மகன் கட்டங்களைப் புரட்டிப் பார்த்தார். வேகம் 0 ஆகப் பிறந்த ஃபெரோசீட் ஒன்று அவரிடம் இருந்திருக்கிறது. 22ஆம் எண் முட்டை. மற்ற எண்கள் நான்கு பூரணம். ஜனவரியிலேயே விடுவித்துவிட்டார். அதைத் திரும்பப் பெற இன்னும் 60 முட்டைகள் மிதிக்க வேண்டியிருந்தது.

அந்த ஆகஸ்டில் வாஷிங்டனில் நடந்த 2014 உலகப் போட்டியில் தென் கொரியாவின் சே ஜுன் பார்க் கோப்பை வென்றார். அவருடைய அணியில் இருந்த 'பச்சிரிசு' ஒரு மின்சார அணில். அழகுக்காக வளர்ப்பதே தவிர போட்டிக்கு யாரும் சீந்தாத பிராணி. பெரிய டிராகன்கள் கூட்டாளி மேல் விடும் அடியைத் தன் மேல் வாங்கிக்கொண்டு நிற்பதுதான் அதன் வேலை. நின்றது. மகன் அந்த ஆட்டத்தைத் தந்தைக்குப் போட்டுக் காட்டினார். அணிலின் தைரியத்தை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "இதன் தாய் எது?" என்றார்.

அப்போதுதான் மகனுக்கு உறைத்தது. விளையாட்டில் பிராணியின் விவரப் பக்கம் எல்லாவற்றையும் சொல்கிறது. முட்டை கிடைத்த தேதி, பொரிந்த இடம், யார் பொரித்தது, என்ன குணம். பெற்றோர் யார் என்பதைத் தவிர. வம்சத்தையே விளையாட்டாக்கியவர்கள் வம்சாவளிக்கு ஒரு வரி ஒதுக்கவில்லை.

"அப்படியானால் உங்கள் ஆட்டத்தில் சொந்தமே கிடையாது" என்றார் தந்தை. "அதனால்தான் கூச்சமில்லாமல் அண்ணன் தங்கையைச் சேர்க்கிறீர்கள்."

2015 மார்ச்சில் மகாராஷ்டிரத்தில் பசுக்களுக்கு ஏற்கெனவே இருந்த வதைத் தடை காளைகளுக்கும் எருதுகளுக்கும் நீண்டது. விற்க வழியில்லாத கலப்பினக் காளைக் கன்றுகள் சாலைகளில் தென்பட ஆரம்பித்தன. ஷிரூரிலிருந்து பழைய வாடிக்கையாளர்கள் தந்தைக்கு போன் செய்தார்கள். கிடாரியாகவே பிறக்கும்படி ஊசி ஏதாவது உண்டாமே என்று. அப்படி ஒன்று வரத்தான் செய்தது. பாலினம் பிரித்த விந்துக் குச்சி. பத்துக்கு ஒன்பது கிடாரி. "என் காலத்தில் இருந்திருந்தால் நிறைய டீ குடித்திருப்பேன்" என்பதோடு அவர் அந்தப் பேச்சை நிறுத்திக்கொள்வார்.

விளையாட்டும் தன் பாதையை மாற்றிக்கொண்டது. 2016இல் வந்த 'சன்', 'மூன்' பதிப்பில், 100ஆம் நிலையை எட்டிய பிராணிக்கு ஒரு பாட்டில் மூடியைக் கொடுத்தால் போதும். தீவிரப் பயிற்சியில் அதன் பிறவிக் குறை மறைந்து 31 உள்ளதைப் போலவே ஆடும். 2019இல் 'சுவார்டு', 'ஷீல்டு' வந்தபோது குணத்தின் பலனை மாற்றப் புதினா இலை. 2022இன் 'ஸ்கார்லெட்', 'வயலெட்'டில் அந்தப் பயிற்சிக்கு 50ஆம் நிலையே போதும் என்றானது. பிறப்பில் இல்லாததைப் பயிற்சியில் பெறலாம் என்று ஒரு வீடியோ விளையாட்டுக்குப் பதினேழு வருடங்களில் ஞானம் வந்தது. அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பயிற்சி பெற்ற பிராணி ஆடுவதுதான் 31 போல. அதன் பிறவி எண் மாறுவதில்லை. குட்டிக்கு இறங்குவது பழைய எண்தான்.

ராத்திரி ராத்திரியாகச் சைக்கிள் மிதித்தவர்களில் பலர் இந்தச் சலுகையைத் திட்டினார்கள். எங்கள் உழைப்புக்கு என்ன மரியாதை என்றார்கள். இடஒதுக்கீட்டைப் பற்றிப் பேசும்போது சிலர் எடுக்கும் குரல் அது என்று மகனுக்குப் பட்டது. சொன்னால் டீக்கடை மாடியில் சண்டை வரும் என்பதால் சொல்லவில்லை. இத்தனை சலுகைக்குப் பிறகும் 2023 ஆகஸ்டில் யோகோஹாமா உலகப் போட்டியில் சில வீரர்கள் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களுடைய பிராணிகள் பிறக்கவே இல்லை; மென்பொருளில் செய்யப்பட்டவை. வேலையும் குடும்பமும் உள்ளவன் முட்டைக்கு எங்கே போவான் என்று அவர்களுக்காகப் பேசியவர்களும் உண்டு. மகன் இருபுறமும் சேரவில்லை. அதற்குள் அவருக்கும் வேலை, கல்யாணம், மாதத் தவணை. கருவி அலமாரியில் கிடந்தது.

அதை மறுபடியும் எடுக்க வைத்தது ஓர் அறிவிப்பு. 3டிஎஸ் கருவியின் இணைய சேவைகள் 2024 ஏப்ரல் 8ஆம் தேதியோடு நிறுத்தப்படும் என்றது நின்டெண்டோ. ஒண்டர் டிரேடும் அதோடு போயிற்று. கருவியைத் திறந்தபோது பெட்டிகளில் 2014இன் மீதி அப்படியே இருந்தது. ஐம்பதுக்கு மேல் ஃபெரோசீட்டுகள், வேகம் 0 இல்லாத குற்றத்திற்காக.

அன்று மாலை தந்தை நாற்காலியை இழுத்துப் போட்டார். வயது எழுபதை நெருங்குகிறது, கண்ணாடி தடித்திருக்கிறது. மகன் ஒவ்வொன்றாக அனுப்பினார். மறுமுனையில் இன்னும் யாரோ விழித்திருந்தார்கள். முன்பெல்லாம் சில விநாடிகளில் கிடைத்த ஆள் இப்போது நிமிடக் கணக்கில் தாமதமாகக் கிடைத்தார். வந்தவையும் அதே ரகம்: அவர்களுடைய மீதி. இரவு ஒரு மணிக்கு மேல் மருமகள் விளக்கை அணைக்கச் சொன்னார். இன்னும் பதினொன்று இருக்கிறது என்றார் தந்தை.

கடைசிக்கு முந்தைய முட்கொட்டை ஜப்பானுக்குப் போனது. அங்கிருந்து 'ஃப்ளெட்ச்லிங்' என்ற சிவப்புத் தலைக் குருவிக் குஞ்சு வந்தது. 2013இல் ஊரெல்லாம் இறைந்து கிடந்த அதே பறவை. நிலை 1, முட்டையிலிருந்து பொரிந்தது, யாருக்கும் எதற்கும் பயன்படாத எண்கள். தந்தை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு விவரப் பக்கத்தைப் படிக்கச் சொன்னார். மகன் படித்தார். பொரிந்த தேதியைக் கேட்டதும் நீலப் பதிவேட்டின் கடைசித் தாளில் எழுதினார். இனம், ஊர், தேதி. தாய் என்ற கட்டத்திற்கு வந்ததும் பேனா நின்றது.

"தெரியாது என்று போடுங்கள் பாபா."

"தெரியாது என்று எழுதக் கூடாது. காலியாக விடுவோம்" என்றார் அவர். "அடுத்ததை அனுப்பு. நேரமாகிறது."